சாமியின் இடது புருவம்

சாமி சிலையின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. புருவத்தின் வால் பக்கம், ஒரு நெல் நீளம். பீங்கான் சிலைதான். ஆனாலும் மோல்டு மேஸ்திரி புருவ முடியைக் கம்பியால் கீறிக் கீறிக் காட்டியிருந்தார். வெட்டு வந்த இடத்தை மட்டும் கீறாமல் வழவழவென்று விட்டிருந்தார். வியாழக்கிழமை சமாதிக்கு வருகிறவர்கள் அதைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். சாமி ரயிலடியில் தவத்தில் இருந்தபோது ஒரு திருடன் கல்லால் அடித்தானாம். ரத்தம் வழிந்ததாம். சாமி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தாராம். அவன் அப்படியே காலில் விழுந்து, அன்றோடு திருந்திவிட்டானாம். நான் துடைப்பமும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பேன். கதை கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெட்டு சாமியுடையது இல்லை. எங்கள் வீட்டுக்காரருடையது.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வேலை பார்த்தது சின்னக் கம்பெனி. ஒரு சூளை, ஒரு கொட்டகை. கப்பு, சாசர், பியூஸ் கட்டை, பொம்மை எல்லாம் செய்வோம். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் ஓரமாகப் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பது என் வேலை. அவர் சூளைக்காரர். சாமான் அடுக்கி, வாசலைக் கல் வைத்து அடைத்து, நெருப்புப் போட்டு, துளை வழியாகப் பார்த்துப் பார்த்து எரிப்பார். ஆறின பிறகு கடப்பாரையால் வாசலை உடைப்பதும் அவர்தான். அப்படி ஒருநாள் உடைக்கும்போதுதான் கல்லில் ஒரு சில்லு தெறித்துப் புருவத்தில் அடித்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு மிச்ச வாசலையும் உடைத்து முடித்தார். ஆறியும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

சாமி ஒரு மார்கழியில் வந்தார். எந்த ரயிலில் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. டிக்கெட் இல்லை என்று ஜங்ஷனில் இறக்கிவிட்டிருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்தவர், எங்கள் சூளையின் பின்பக்கச் சுவர் கதகதப்பாக இருக்கவும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் ஒரு சாக்கு, அவ்வளவுதான். விரட்டலாமா என்று வாட்ச்மேன் கேட்டதற்கு எங்கள் வீட்டுக்காரர், "சுவருதான சாஞ்சிருக்காரு. கடிச்சித் துன்றாரா?" என்றார். அப்புறம் தன் டீயில் பாதியை ஒரு உடைந்த கப்பில் ஊற்றிக் கொடுத்தார். அது தினப்படி ஆனது. காலையில் டீ, மத்தியானம் என் தூக்குவாளியிலிருந்து சோறு. சாமி வேறு எங்கேயும் போகவில்லை. சூளை எரியாத நாளிலும் அதே சுவர்தான்.

சாமி பேசி நான் கேட்டது ஒரே ஒரு சொல். அதைத்தான் இப்போது கோயில் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது வந்த கதை இது. ஒருதரம் சூளை எரிந்துகொண்டிருக்கும்போது கரி தீரப் பார்த்தது. முதலாளி வந்து, போதும், இத்தோடு நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவரில் சாய்ந்திருந்த சாமி கண்ணைத் திறக்காமல், "வேவட்டும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் துளை வழியாக உள்ளே பார்த்தார். பிறகு கொட்டகையில் கிடந்த உடைந்த பலகை, பேக்கிங் பெட்டி எல்லாவற்றையும் இழுத்து வந்து நெருப்பில் போட்டார். சூளையைத் திறந்தபோது ஒரு கப்புகூட வீண் இல்லை. தட்டினால் மணி மாதிரி சத்தம். முதலாளி தேங்காய், பழம், மாலையோடு வந்து சாமி காலில் விழுந்தார். முதல் பக்தர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "அவரு சூளைய எங்கடி சொன்னாரு? கங்குல நொய்க்கஞ்சி ஏத்தி வச்சிருந்தேன். அது வேவலன்னு சொன்னாரு."

"அப்ப ஏன் பலகைய எல்லாம் போட்டீங்க?"

"எனக்கும் சூள வேவலன்னுதான் தெரிஞ்சிது. மொதலாளிய எதுத்துப் பேச ஒரு ஆளு வேணுமே."

"போயி சொல்லுங்களேன் அவருகிட்ட."

"தேங்கா ஒடச்சிட்டாரு. இனிமே என்னாத்தச் சொல்றது?"

அதற்குப் பிறகு ஜனம் வர ஆரம்பித்தது. கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போகப் போகிறது என்று பயந்தவர்கள் வந்தார்கள். திட்டக்குடியிலிருந்து பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் சாமி "வேவட்டும்" என்றார், இல்லாவிட்டால் சும்மா இருந்தார். வந்தவர்கள் அழுதுவிட்டு, முகம் தெளிந்து போனார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அது பொய் இல்லை. பணம் வைத்தால் தொட மாட்டார். பழம் வைத்தால் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். மழையில் ஒரு நாய் வந்து அவர் மடியில் குட்டி போட்டது. அது கண் திறந்து நடக்கிற வரைக்கும் அவர் காலை நீட்டவில்லை. நான் சாமியைச் சாமி என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் எல்லோரும் அவர் காலில்தான் விழுவோம். குனிந்தே போவோம், குனிந்தே வருவோம். அதனால் கால் நன்றாகத் தெரியும். குதிகால் வெடிப்பு, கணுக்காலில் ஒரு மச்சம். வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை, தோன்றவும் இல்லை. தாடி, சடை, அதற்குள் என்னவோ ஒரு முகம். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் விழ மாட்டார். எதிரில் குந்தி உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். "டீ ஆறுது சாமி, குடி" என்பார். மரியாதை இல்லாமல் பேசுகிறானே என்று மற்றவர்கள் கோபப்படுவார்கள். சாமி கோபப்பட்டதில்லை.

சாமி போனதும் அந்தச் சுவரில் சாய்ந்தபடியேதான். அன்று சூளை முழு நெருப்பில் இருந்தது. காலையிலிருந்து ஜனம் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. சுவர் சூட்டில் உடம்பும் சூடாகவே இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். காலையில் வைத்த டீ அப்படியே இருந்தது, ஆடை கட்டி. எதிரில் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். பீடியை அணைத்தார். "சாமி போயிட்டாரு" என்றார். உயிர் போன பிறகும் உடம்பு குளிரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். குளிரவில்லை என்பது உண்மைதான்.

துறவியை எரிக்கக் கூடாது, உட்கார வைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். முதலாளி சூளைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுத்தார். குழி தோண்டியது எங்கள் வீட்டுக்காரர். வேறு யாரையும் கடப்பாரையைத் தொட விடவில்லை. பழைய சூளையைப் பிரித்த கல் கிடந்தது. அந்தக் கல்லை வைத்துக் குழியின் நாலு பக்கமும் சுவர் எடுத்தார். "சூளச் சுவருலயே சாஞ்சி பழகுனவரு" என்றார். சாமியை உள்ளே உட்கார வைத்து விபூதி, உப்பு, கற்பூரம், வில்வம் எல்லாம் கழுத்து வரை நிரப்பினார்கள். கடைசிக் கூடை உப்பை இவர்தான் கொட்டினார். மேலே பலகைக் கல் மூடி, அதன்மேல் ஒரு லிங்கம் வைத்தார்கள். சூளையடி சாமி ஜீவசமாதி என்று போர்டு மாட்டினார்கள். ஜீவசமாதி என்று எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்தபடி போனார், உட்கார்ந்தபடி இருக்கிறார். அது தெரியும்.

சில வருஷம் கழித்து லிங்கம் மட்டும் போதாது, சாமி உருவம் வேண்டும் என்று பக்தர்கள் கேட்டார்கள். போட்டோ எதுவும் இல்லை. பீங்கான் கம்பெனி வாசலில் இருந்துகொண்டு கல் சிலைக்கு எங்கே போவது என்று மோல்டு மேஸ்திரியிடம் சொன்னார்கள். அவர் சாமி போன பிறகு வேலைக்கு வந்தவர். மாதா கோயிலுக்குச் சொரூபம் செய்து பழகிய கிறிஸ்தவர். நல்ல கை. சாமி எப்படி இருப்பார் என்று எங்களை எல்லாம் நிற்க வைத்துக் கேட்டார். கால் எப்படி என்று கேட்டதும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னோம். வெடிப்பு, மச்சம், ஏறிய விரல். அப்படியே மண்ணில் பிடித்தார். பார்த்தால் சாமி காலேதான். முகம் என்றதும் ஒருவர் நீளம் என்றார், ஒருவர் உருண்டை என்றார். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்ளோ நாளு கும்புட்டீங்களே, ஒரு ஆளாச்சும் நிமுந்து பாத்தீங்களாய்யா?"

எல்லோரும் எங்கள் வீட்டுக்காரரைக் காட்டினார்கள். இவர் சொல்ல ஆரம்பித்தார். நெற்றி இப்படி, கன்னம் இப்படி என்று கையால் காற்றில் காட்டினார். மேஸ்திரிக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "நீயே சம்மணம் போட்டு உக்காருப்பா. ஒன்னப் பாத்துப் புடிக்கிறேன். தாடி வச்சா எல்லாம் சரியாப் பூடும்" என்று உட்கார வைத்துவிட்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. "யோவ், அவருக்குச் சப்ப மூக்குய்யா. எனக்குக் கூரு மூக்கு."

"சப்ப மூக்கு சாமிக்கு எடுக்காது. எங்க மாதாவுக்கெல்லாம் கூரு மூக்குதான் வைக்கிறோம். ஆடாத."

"அவரு மூக்க அவருக்கு வச்சாத்தானய்யா அவரு."

"ஆடாதன்னு சொல்றேன்ல. புருவம் கோணுது பாரு."

"அது கோணல, வெட்டு."

மேஸ்திரி எதைப் பார்த்தாரோ அதைச் செய்கிறவர். வெட்டையும் வைத்துவிட்டார். நான்தான் பிசிறு சீவினேன். தாடிக்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், சாமியின் காலோடு. இவரே அடுக்கி, இவரே நெருப்புப் போட்டு எரித்தார். முழங்கால் உயரச் சிலை, ஒரு விரிசல் இல்லாமல் வந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சிரித்தோம். சமாதிக்கு முன்னால் மாடம் கட்டி வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாலை போட்டு, விபூதி பூசி, கற்பூரம் காட்டினால் அது சாமிதான். இவர் மட்டும் அதற்கு எதிரில் போய் நிற்க மாட்டார். "எம் மூஞ்சிய நானே கும்புடறதா?" என்று சமாதிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மண் தூசியும் கரிப் புகையும் என்று டாக்டர் சொன்னார். படுத்திருக்கும்போது ஒருநாள், "அந்த மூக்க மட்டும் மாத்தச் சொல்லுடி" என்றார். சரி என்றேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அவர் போனார். எரித்து, சாம்பலை மணிமுத்தாற்றில் விட்டோம். அவர் போட்டோ வீட்டில் ஒன்றுதான், ஓட்டுப் போடுகிற அட்டையில். அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், யாரோ மாதிரி இருக்கும். கம்பெனியும் மூடிவிட்டது. நான் சமாதியில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் மாடத்தைத் துடைக்கும்போது அபிஷேகத்துக்கு முன்னால் மாலை, விபூதி ஒன்றும் இருக்காது. வெறும் முகம். பேரன் ஸ்கூலுக்குப் போனது, ரேஷனில் அரிசி வந்தது, கால் வலிக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. என் மகன் செல்லில் போட்டோ எடுத்துத் தருகிறேன் என்றான். போட்டோவிடம் என்ன பேசுவது?

போன வருஷம் கோயிலைப் பெரிதாகக் கட்டிக் குடமுழுக்குச் செய்வது என்று முடிவு செய்தார்கள். அப்போதுதான் தெற்கேயிருந்து ஒருவர் வந்தார். பேண்ட் போட்ட ஐம்பது வயசு ஆள். கமிட்டித் தலைவர் என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டனுப்பினார். சாமியைத் தினமும் பார்த்த கம்பெனி ஆட்களில் உயிரோடு இருப்பது நானும் இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான். அவர்களுக்குக் கண் தெரியாது.

"ஆயா, இவரு சாமியோட அண்ணன் பேரனாம். சின்ன வயசுல எடுத்த படம் கொண்டாந்திருக்காரு. சாமிதானான்னு பாத்துச் சொல்லு. நீ சரின்னா இத வச்சே கல்லுல புதுச் சிலை செஞ்சிடலாம். பழசு பீங்கான்தான, எடுத்துடலாம்."

மேசையில் படம் இருந்தது. சட்டை போட்ட ஒரு பையன், மீசை அரும்புகிற வயசு. மார்போடு வெட்டியிருந்தது.

"காலு இல்லீங்களா படத்துல?" என்றேன்.

தலைவர் சிரித்துவிட்டார். "மூஞ்சியக் காட்டுனா காலக் கேக்குது ஆயா."

வந்தவர் சிரிக்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். "எங்க குடும்பத்துல ஆம்பளைங்களுக்கு இப்படித்தாம்மா. சிலையோட காலைப் பாத்துட்டுத்தான் நான் உள்ளயே வந்தேன்" என்றார். வலது கால். இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் கை என்னைக் கேட்காமல் கும்பிடப் போனது. அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"விரல் யாருக்கு வேணா அப்படி இருக்கும்" என்றார் தலைவர். "மொகம் சாமி மொகமா, அதச் சொல்லு. சிலைக்கும் படத்துக்கும் ஒட்டவே இல்லியே."

மறுபடி படத்தைப் பார்த்தேன். சப்பை மூக்கு. நன்றாகச் சப்பை. ஜன்னல் வழியாக மாடம் தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் கூரான மூக்கோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். பொய்கூட இல்லை, சாமி முகத்தை நான் பார்த்ததே இல்லை. வந்தவர் ஷூவை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். நான் காலையில் மாடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த மூக்க மட்டும் மாத்தச் சொல்லுடி என்று அவர் சொன்னதும், நான் சரி என்றதும் நினைவுக்கு வந்தது.

"சாமிக்குச் சப்ப மூக்குங்க. இவருதான்" என்றேன்.

"அப்ப மாடத்துல இருக்கிறது யாரு?"

"எங்க வூட்டுக்காரரு."

வந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "என்னம்மா சொல்றீங்க? எங்க சின்னத் தாத்தா கல்யாணமே பண்ணிக்கலியே!"

தலைவருக்கும் புரியவில்லை. "ஆயா, சாமி ஒனக்குப் புருசனா?"

"மூஞ்சிதாங்க எம் புருசன். காலு சாமியோடது."

உட்கார வைத்து, மேஸ்திரி கதையை முதலிலிருந்து சொன்னேன். வந்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. அவர் சின்ன வயசிலிருந்து அந்த முகத்துக்கு முன்னால் நின்று அழுதவர். எழுந்து ஜன்னல் பக்கம் போய் மாடத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, பழசை ஆத்துல வுட்டுடலாம்" என்றார்.

"சுட்ட மண்ணு கரையாதுங்க. ஆத்துலயும் தண்ணி இல்ல. மணல்ல கெடந்து நாயி மோந்து பாக்கும்."

"அப்ப நீயே வூட்டுக்கு எடுத்துட்டுப் போறியா? கும்புட்ட சிலை ஆயா, தெனம் ஏதாச்சும் படைக்கணும்."

"அந்த மூஞ்சிக்குத் தெனம் சோறு போட்டவதான் நான்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் எடுத்துப் போகவில்லை. மகன் வீட்டில் இருப்பது ஒரே அறை. பக்தர்கள் பின்னாலேயே மாலையோடு வருவார்கள். அவருக்கும் நிம்மதி இருக்காது, மருமகளுக்கும் இருக்காது. "அவரு தோண்டுன குழி பக்கத்துலயே வச்சிடுங்க" என்றேன்.

அப்படியே செய்தார்கள். புதுப் பீடத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது, சமாதியை ஒட்டிச் சின்னதாகப் பள்ளம் எடுத்தார்கள். பழைய சூளைக்கல் ஓரத்தில் தெரிந்தது. கரி படிந்த கல். சிலையை நான்தான் கழுவினேன். ஈரத் துணியால் துடைக்கும்போது தாடிக்குக் கீழே ஒரு இடத்தில் பிசிறு நின்றிருந்தது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. சுட்ட பிறகு அதைச் சீவ முடியாது. விபூதி கொட்டி, மணல் போட்டு மூடினார்கள். மூடும்போது சமாதியைப் பார்த்தமாதிரி உட்கார வைக்கச் சொன்னேன். எதிரில் குந்தித்தான் அவருக்குப் பழக்கம்.

குடமுழுக்கு அன்று நல்ல கூட்டம். திரையை விலக்கினார்கள். கருங்கல்லில் புதுச் சாமி. அகலமான முகம், சப்பை மூக்கு, தாடி, சடை. கால் பழைய கால்தான், விரலோடு. எனக்கு யாரோ புது ஆளைப் பார்ப்பது போல இருந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட மனுஷன், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கும்பிட்டேன். தீபம் முகத்துக்கு நேரே ஏறியபோதுதான் தெரிந்தது. இடது புருவத்தின் வால் பக்கம், ஒரு நெல் நீளத்துக்கு, உளி படாத இடம். அந்தப் பக்கம் நின்ற தலைவரைப் பார்த்தேன். அவர் கிட்டே வந்து காதோடு, "ஜனங்க கேக்குறாங்க ஆயா. அது இல்லாட்டித் திருடன் கதைய எங்க கொண்டு போயி வக்கிறது?" என்றார்.

கூட்டம் நெருக்கியது. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. வெளியூர்க்காரி போல இருந்தாள். புருவத்தைக் காட்டி எனக்கு விளக்கினாள்.

"அது தெரியுதா ஆயா? ஒரு திருடன் சாமியக் கல்லால அடிச்ச எடம்."

"கல்லுதாம்மா" என்றேன். "சூளக் கல்லு."